மைக்கம்மாவின் வீட்டுக் குரல்

பேருந்து நிலையத்தில் அவளுக்குப் பெயர் மைக்கம்மா. ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பத்திரிகைக் கடைக்காரர், கழிப்பறை வாசலில் உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். டைம் கீப்பரின் அறைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால், மூன்று பக்கம் கண்ணாடி வைத்த சின்ன அறை. ஒரு மேசை, ஒரு மைக், ஒரு மேசை விசிறி, ஒரு வெந்நீர்க் குடுவை. மைக்கைப் போடும்போது விசிறியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் நிலையம் முழுவதும் புயல் அடிப்பது போல் கேட்கும். ஆகவே இடது கையால் விசிறி, வலது கையால் மைக் என்று நாள் முழுவதும் தட்டிக்கொண்டிருப்பாள். வீட்டில் விளக்கைப் போடும்போதுகூட இடது கை தானாக எதையோ அணைக்கத் தேடும்.

அந்த வேலைக்கு அவளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் கீழே விசாரணை ஜன்னலில்தான் இருந்தாள். அறிவிப்பு செய்துகொண்டிருந்தவருக்கு ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. "நீ போய் நாலு வண்டியைச் சொல்லிட்டு வா" என்று டைம் கீப்பர் மேலே அனுப்பினார். சொன்னாள். கீழே நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவளுடைய பேச்சுக் குரல் தாழ்ந்தது, கொஞ்சம் கரகரப்பானது. மைக்கின் முன்னால் அது கழுவித் துடைத்த எவர்சில்வர் போலப் பளிச்சென்று வந்தது. அது யாருடைய குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. தொண்டை கட்டியவர் குணமாகித் திரும்பியபோது அவரை விசாரணை ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் கடைசி வரைக்கும் அவளுடன் பேசவில்லை.

அந்தக் குரலைக் காப்பாற்றுவது தனி வேலையாயிற்று. குளிர்ந்தது எதுவும் குடிப்பதில்லை. கத்துவதில்லை. வீட்டில் யாரையாவது திட்ட வேண்டியிருந்தால் பக்கத்தில் போய் நின்று முணுமுணுப்பாள். அவள் கணவருக்குப் பணிமனையில் டயர் பிரிவில் வேலை. "கத்தினாக்கூடப் பரவாயில்ல. கிட்ட வந்து சொல்றா பாரு, அதுதான் வயித்தைக் கலக்குது" என்பார். ஒரே மகள், பதினாறு நடக்கிறது, பள்ளி இறுதி வகுப்பு. அவளுக்கு வயிற்றைக் கலக்குவதெல்லாம் கிடையாது.

அறிவிப்பை இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது நிலையத்தின் விதி. அந்தப் பழக்கமும் வீட்டுக்கு வந்தது.

"சாப்பிட வா. சாப்பிட வா."

"ஒரு தடவை சொன்னா போதும்மா. நான் ஒண்ணும் பஸ்ஸுக்கு நிக்கல."

"ஒரு தடவை சொன்னா நீ வர்றதில்ல."

"ரெண்டு தடவை சொன்னாலும்தான் வர்றதில்ல. அப்புறம் எதுக்கு வேஸ்ட் பண்ற?"

மைக் திறந்து கிடந்தது ஒரு சாயங்காலம். வேலை விட்டுக் கூட்டம் திரும்பும் நேரம். அன்று விசிறி பழுது. ஒரு கைக்கு வேலை இல்லாமல் போனதால் இன்னொரு கையும் தன் வேலையை மறந்துவிட்டது. துறைமுக வண்டியைச் சொல்லி முடித்தவள், மைக்கை அணைக்காமலே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அடுப்பை அணைச்சியா? ... அணைச்சேன்னு சொல்லாதே, போய்ப் பாரு. போய்ப் பாத்துட்டுச் சொல்லு. ... பாலை மூடி வச்சியா? அப்பா வந்தா சட்டையை அவரையே ஊறப் போடச் சொல்லு. அந்த கிரீஸ் நாத்தம் எனக்கு ஆகாது."

நான்காம் நடைமேடையிலிருந்து யாரோ "அணைச்சாச்சு!" என்று கத்தினார்கள். கண்ணாடி வழியாக அவள் எட்டிப் பார்த்தபோது நிலையம் முழுவதும் தலைகள் மேலே திரும்பியிருந்தன. டைம் கீப்பர் இரும்புப் படியில் தடதடவென்று ஏறி வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் பணிமனையில் அவள் கணவரைப் பார்த்த முதல் ஆள், "என்னப்பா, சட்டையை ஊறப் போட்டியா?" என்று கேட்டார். அது அங்கே ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில்தான் அடங்கவில்லை. பேருந்துக்கு நின்ற மாணவன் ஒருவன் போனில் பதிவு செய்திருந்தான். காலைக்குள் அது எல்லாப் போன்களிலும் இருந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தால் வணக்கத்துக்குப் பதிலாக "அடுப்பை அணைச்சியா?" என்றார்கள். எதிரில் வருபவர் "அணைச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்று முழுவதும் அவர்களோடு யாரும் பேசமாட்டார்களாம்.

மகள் வெட்கத்தில் செத்துவிடுவாள் என்று மைக்கம்மா பயந்தாள். வேறு பள்ளிக்கு மாற்றலாமா என்றுகூட யோசித்தாள்.

"எதுக்கு?" என்றாள் மகள்.

"எல்லாரும் சிரிக்கிறாங்களே."

"சிரிக்கத்தான் செய்வாங்க. நல்லா இருக்குல்ல?"

"என்ன நல்லா இருக்கு?"

"உனக்குப் புரியாதும்மா. புரியாதும்மா."

"எதுக்குடி ரெண்டு தடவை?"

"ஏன், நீ மட்டும்தான் சொல்லணுமா?"

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் சீருடைக் கும்பல் ஒன்று கண்ணாடி அறைக்குக் கீழே வந்து நிற்கத் தொடங்கியது. மேலே பார்த்து, அடுப்புக் குமிழைத் திருகுவது போல விரல்களைத் திருகிக் காட்டுவார்கள். பிறகு கட்டைவிரலை உயர்த்துவார்கள். அவள் முகம் சூடாகும். குனிந்து நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்வாள். டைம் கீப்பர் விசிலோடு கீழே போய் விரட்டுவார்.

"கொழுப்பு, மைக்கம்மா. வேற ஒண்ணுமில்ல. நம்ம காலத்துல பெரியவங்களைப் பாத்து இப்படி விரலை ஆட்டியிருந்தா விரல் இருக்குமா?"

"அதுங்க என்ன நினைச்சு ஆட்டுதுங்கன்னு தெரியலியே."

"கிண்டல்தான். வேற என்ன நினைக்கப் போவுது?"

ஒரு முறை ஒரு பெண் இரும்புப் படி ஏறி மேலேயே வந்துவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஆன்ட்டி, ஒரே ஒரு தடவை சொல்லுங்க ஆன்ட்டி."

"என்ன சொல்லணும்?"

"அடுப்பு."

மைக்கம்மா கதவைச் சாத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "தேங்க்ஸ் ஆன்ட்டி!" என்று கேட்டது. எதற்கு நன்றி என்று அவளுக்கு விளங்கவில்லை. கிண்டலாக இருந்தால் அந்தக் குரலில் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். குரலில் எது இருக்கிறது எது இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதில் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

அந்த நாட்களில்தான் மகளின் போக்கு மாறியது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனாள். மறுபடியும் பால் பொங்கியது. எப்போதும் ஒளித்து வைக்கிற கணக்குப் பரீட்சைத் தாளை அவளாகவே கொண்டுவந்து, குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். மதிப்பெண் சொல்லும்படியாக இல்லை.

மைக்கம்மா அருகில் போய் நின்று முணுமுணுத்தாள். "இதுவா கணக்கு? மூளையை எங்க வச்சுட்டு வந்தே?"

"என்னம்மா? கேக்கல."

"மூளையை எங்க வச்சேன்னு கேட்டேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

இதை அவள் திமிர் என்று எடுத்துக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவரிடம் சொன்னாள். "பொண்ணு சரியில்ல. நின்ன இடத்துல நிக்கிறா, பால் பொங்கினா பாக்குறா. யாரையோ மனசுல வச்சுக்கிட்டிருக்கா."

"வயசு அப்படி."

"அந்த வயசுல நீங்க டயரைத் தவிர எதைப் பாத்தீங்க?"

"உன்னைப் பாத்தேனே."

"பேச்சை மாத்தாதீங்க."

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது டைம் கீப்பரின் அறைக்கு. தலைமை ஆசிரியை பேசினார். உடனே வரச் சொன்னார். மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டதற்கு, "உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. இது உங்க சம்பந்தப்பட்டது" என்றார்.

தலைமை ஆசிரியையின் அறையில் கேடயங்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரியும் நீளமான மேசையும் இருந்தன. கணக்கு ஆசிரியர் ஓரமாக ஒரு நாற்காலியில், முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். ஒடிசலான மனிதர். சட்டைக் கையில் சுண்ணாம்புத் தூள்.

"காலைல பிரேயர்ல நடந்தது இது. சார் வழக்கம்போல..." என்று ஆரம்பித்த தலைமை ஆசிரியை நிறுத்திக்கொண்டார். "சார் இன்னைக்குக் கொஞ்சம் லேட். வண்டியைத் தள்ளிக்கிட்டு கேட்டுக்குள்ள வர்றார். சரியா அந்த நேரம் பாத்து ஒலிபெருக்கில இதைப் போட்டிருக்காங்க. மொத்தப் பள்ளிக்கூடமும் திரும்பிப் பாத்துச்சு."

போனை மேசை மேல் வைத்து அழுத்தினார். மைக்கம்மாவின் குரல் வந்தது.

"பயணிகள் கவனத்திற்கு. எட்டு மணிக்கு வர வேண்டிய கணக்கு, இன்று சற்றுத் தாமதமாக வந்து சேரும். அவசரமாகச் செல்ல வேண்டியவர்கள் அடுத்து வரும் வண்டியில் ஏறிக்கொள்ளவும். மூளையைத் தவறவிட்டவர்கள் விசாரணை அறைக்கு வந்து அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளவும்."

கடைசியில், "அடுப்பை அணைச்சியா?"

முதலில் அவள் தன் வேலையைத்தான் கேட்டாள். எல்லாம் அவள் சொன்னவை. 'சற்றுத் தாமதமாக' என்பது மழை நாளில் மலை வண்டிக்குச் சொன்னது. அதில் லேசாக ஜலதோஷம் இருந்தது. 'அடையாளம் கூறி' என்பது யாரோ ஒருவர் பொய்ப்பல்லைத் தொலைத்த நாளில் சொன்னது. ஆனால் 'கணக்கு' என்கிற இடத்தில் குரல் ஒரு படி கீழே இறங்கியது. 'மூளையை'யிலும் அப்படித்தான். பளபளப்பு இல்லாத, களைத்த, கரகரத்த சொற்கள். அவற்றின் பின்னால் குழாயிலிருந்து பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் இருந்தது. தெரியாதவர்களுக்கு அது இரைச்சல். அவளுக்கு அது தன் சமையலறை.

செய்தது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க குரலை இப்படிக் கேவலப்படுத்தியிருக்காங்க" என்றார் தலைமை ஆசிரியை. "ஒலிபெருக்கியைப் போட்டவனைப் பிடிச்சாச்சு. செஞ்சது யாருன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறான். ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், என் குரலைத் திருடிட்டாங்கன்னு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். எவ்வளவு நாளானாலும் கண்டுபிடிப்பேன். பரீட்சை எழுத விடமாட்டேன். உங்க பொண்ணும் இங்கதானே படிக்குது. அது மனசு என்ன பாடுபட்டிருக்கும்!"

"நான்தான் பேசினேன்" என்றாள் மைக்கம்மா.

"என்னது?"

"நான்தான் பேசிக் குடுத்தேன். பசங்க வந்து கேட்டாங்க. விளையாட்டுக்குத்தானேன்னு..."

"இதையா? இந்த மூளையையுமா?"

"மூளையையும்தான்."

"எந்தப் பசங்க?"

"சீருடையில எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்குதுங்க."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எங்க, சொல்லுங்க. கேப்போம்."

மைக்கம்மா எழுந்து நின்றாள். இடது கை பக்கவாட்டில் எதையோ அணைத்தது. சொன்னாள். முதலிலிருந்து, ஒரு சொல் விடாமல். அறைக்கு வெளியே வராந்தாவில் நடந்துகொண்டிருந்த காலடிகள் நின்றன. பியூன் கதவுக்குள் தலையை நீட்டினார். அவள் முடித்துவிட்டு, பழக்கத்தில் இரண்டாவது முறையும் தொடங்கியபோது தலைமை ஆசிரியை கையை உயர்த்தி நிறுத்தினார்.

கணக்கு ஆசிரியர் முதல் முறையாகப் பேசினார். "அடுத்து வரும் வண்டின்னீங்களே. அது யாரு? சயின்ஸ் டீச்சரா?"

"சார்!" என்றார் தலைமை ஆசிரியை. பிறகு அவள் பக்கம் திரும்பி, "பெரியவங்க நீங்களே இப்படி இருந்தா நான் பசங்களை என்னன்னு சொல்லித் திருத்துறது? போயிட்டு வாங்க" என்றார்.

திரும்பும் பேருந்தில் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. வாழ்க்கையில் அவள் அதிகம் பொய் சொன்னதில்லை. சொன்ன ஒன்று நன்றாக விழுந்திருக்கிறது. மகளிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், கடிந்துகொள்ளவும் வேண்டாம் என்று முடிவு செய்தாள். அவளுக்குத் தானே தெரியவரும். தெரிந்தால் வந்து பக்கத்தில் உட்காருவாள். சின்ன வயதில் அப்படித்தான் உட்காருவாள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் பையை முதுகிலிருந்து இறக்காமலே கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அழுத முகம். கணவர் முன்பே வந்திருந்தார். எதுவும் தெரியாமல் துண்டோடு குளியலறை வாசலில் நின்றார்.

"எதுக்கும்மா அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"நீ பண்ணினேன்னு."

"உன்னைப் பரீட்சை எழுத விடமாட்டேன்னாங்கடி."

"அது என் பிரச்சினை."

"உன் பிரச்சினைன்னா நான் யாரு? பக்கத்து வீடா?"

"எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுமா? 'அட, உங்கம்மாவே பண்ணினதா! அப்ப சரி'ன்னுட்டுப் போறாங்க. ஒருத்தன் போன்லேருந்து அழிச்சுட்டேன்னு என்கிட்டயே சொல்றான்."

"அழிச்சா நல்லதுதானே?"

"பெரியவங்க பண்ணினா அது ஜோக் இல்லம்மா. அது கலை நிகழ்ச்சி." மகளுக்குக் குரல் உடைந்தது. "உன் அறிவிப்பையெல்லாம் போன்ல பிடிச்சு, எத்தனை நாள் உக்காந்து ஒட்டினேன் தெரியுமா? நீ பஸ் ஸ்டாண்டுல மூளைன்னு சொல்றதே இல்ல. ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. அதுக்காகத்தான் பாலைப் பொங்க விட்டேன்."

மைக்கம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "வேணும்னேயா?"

"சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டுத் தெருவுல நடந்தேன். நீ என்ன சொன்ன? 'கண்ணு எங்க இருக்கு'ன்ன. எனக்குக் கண்ணு எதுக்கு? அதான் மறுபடியும் பாலு."

"அந்தப் பரீட்சைத் தாளு?"

"அது 'கணக்கு'ங்கிற சொல்லுக்கு."

"வேணும்னே தப்புத் தப்பா எழுதினியா?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். "எழுதினது வேணும்னே இல்ல. காட்டினது வேணும்னே."

குளியலறை வாசலிலிருந்து கணவர், "அப்ப நீ யாரையும் காதலிக்கல?" என்றார்.

"அப்பா!"

"இல்ல, உங்கம்மா சொன்னா..."

மைக்கம்மா அவரைப் பார்த்தாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சுது" என்றாள் மைக்கம்மா. "நீயும் அதுல சேந்துக்கிட்டே."

"உன்னைப் பாத்து யாரு சிரிச்சா? எங்க கிளாஸ்ல யாரோட அம்மா குரலும் யாருக்கும் தெரியாது. உன் குரல் தெரியாதவங்க கிடையாது. அதை வச்சு நான் ஒண்ணு பண்ணினேன். நானா பண்ணினது. அதைப் போய் நீ உன்னுதுன்னுட்டே."

"எனக்கு எதுக்குடி அது? உன்னைக் காப்பாத்தத்தானே சொன்னேன்!"

"காப்பாத்துன்னு நான் கேக்கலியே. நாளைக்குப் போய்ச் சொல்லிடப் போறேன்."

"என்னன்னு?"

"நான்தான்னு."

மைக்கம்மாவுக்குக் குரல் உயர்ந்தது. வருஷக் கணக்கில் அந்த வீட்டில் உயராத குரல். "பைத்தியமா உனக்கு? ஒரு வருஷம் வீணாப் போயிடும்!"

குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மகள்கூட ஒரு கணம் பயந்து பார்த்தாள். பிறகு பையைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு, "போகட்டும்" என்றாள்.

இது மைக்கம்மாவுக்குப் பிடிபடவில்லை. செய்த தப்பிலிருந்து தப்பிக்கத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். டிக்கெட் எடுக்காமல் இறங்கி நழுவுகிறவர்களை அவள் கண்ணாடி வழியாகத் தினமும் பார்க்கிறாள். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து, நான் டிக்கெட் எடுக்கவில்லை, அது நான்தான், வேறு யாரும் இல்லை என்று சொன்னதில்லை. காலையில் மகள் தலை சீவும்போது பக்கத்தில் போய் நின்று, "சொல்லாதே. சொல்லாதே" என்று மட்டும் முணுமுணுத்தாள். மகள் சீப்பை வைத்துவிட்டுப் பையை எடுத்தாள்.

முற்பகலில் போன் வந்தது.

அதே அறை. அதே நாற்காலியில் கணக்கு ஆசிரியர். இப்போது மேசைக்கு முன்னால் மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தலைமை ஆசிரியை இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நேத்து நீங்க செஞ்சேன்னீங்க. இன்னைக்கு இது செஞ்சேன்னு வந்து நிக்குது. எனக்கு ஒண்ணு தோணுது. பொண்ணு உங்களைக் காப்பாத்தப் பாக்குதோ? அம்மா பேரு கெட்டுப்போச்சேன்னு பழியைத் தன் தலையில போட்டுக்குதா?"

அவர் முகத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தெரிந்தது. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். நல்ல பெண் என்று பெயர் எடுத்து, பரீட்சையும் எழுதிவிட்டு வந்துவிடுவாள்.

மைக்கம்மா மகளைப் பார்த்தாள். மகள் கெஞ்சவில்லை. மிரட்டவும் இல்லை. இவள் என்ன சொல்வாள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிற ஆளைப் போல, தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையசைத்தால் இந்தப் பார்வை இனித் தன் பக்கம் வராது என்று மைக்கம்மாவுக்குத் தோன்றியது. அது ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் தோன்றியது.

"நேத்து நான் சொன்னது பொய்" என்றாள். "அவதான் செஞ்சா."

"நிஜமாவா?"

"கணக்கு, மூளை. இந்த ரெண்டும் எங்க வீட்டுல எடுத்தது. அந்த இடத்துல பின்னாடி குழாய்ச் சத்தம் கேக்கும். போட்டுப் பாருங்க."

தலைமை ஆசிரியை போட்டார். எல்லோரும் குனிந்து கேட்டார்கள். தண்ணீர் விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது.

"ஆமா" என்றார் கணக்கு ஆசிரியர். "நேத்து எனக்குத் தெரியவே இல்ல. நல்லாத்தான் ஒட்டியிருக்கே." பிறகு தன் சட்டைக் கையில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே சொன்னார். "என்னை வச்சுப் பண்ணாம இருந்திருக்கலாம்."

அதுவரை நிமிர்ந்து நின்ற மகளுக்குத் தலை குனிந்தது. "சாரி சார்" என்றாள். அது மெல்லத்தான் வந்தது. அவள் அந்தப் பக்கத்திலிருந்து இதை யோசித்ததில்லை என்பது மைக்கம்மாவுக்குக் குரலிலேயே தெரிந்தது.

தலைமை ஆசிரியை நேற்றுச் சொன்ன அளவுக்குப் போகவில்லை. கணக்கு ஆசிரியர்தான், "பரீட்சை எழுதட்டும் மேடம்" என்று இரண்டு முறை சொன்னார். பரீட்சை வரைக்கும் வகுப்புக்கு வரக் கூடாது; வீட்டிலிருந்து தானாகப் படித்து வந்து எழுதலாம். கணக்கு உட்பட. பாஸானால் அது அவள் சமர்த்து, ஆகாவிட்டால் அடுத்த வருஷம். திங்கட்கிழமை பிரேயரில் சாரிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். "ஒலிபெருக்கிலயா மிஸ்?" என்று மகள் கேட்டாள். "வாயால" என்றார் தலைமை ஆசிரியை.

வராந்தாவுக்கு வந்தார்கள். இடைவேளை விட்டிருந்தது. தூண்களுக்குப் பின்னால், மாடிப் படிகளில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் எல்லாம் பிள்ளைகள் நின்றார்கள். ஒரு பையன் மட்டும் மேலே பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வது போல, "மூளை" என்றான். சிரிப்பு வரிசையாகப் போயிற்று. மகளின் முகத்தைப் பார்த்தாள் மைக்கம்மா. அழுது ஓய்ந்த கண்கள், தண்டனை வாங்கி வந்த முகம். ஆனாலும் அதில் ஒரு ஒளி இருந்தது. இப்படி ஒன்றை அவள் பரிசு வாங்கி வந்த நாட்களில்கூடப் பார்த்ததில்லை.

படிக்கட்டுக்குக் கீழே மகள் நின்றாள்.

"பையை எடுத்துட்டு வரேன். நீ கேட்டுல நில்லு. கூட வராத."

"சரி."

"நேத்து இங்க எல்லாத்தையும் பேசிக் காட்டினியாமே?"

"யாரு சொன்னா?"

"பியூன் சொல்லித் திரியறாரு. மூளை எப்படிச் சொன்ன?"

மைக்கம்மா சொன்னாள்.

"அது மைக்கு. வீட்டுல சொல்ற மாதிரி சொல்லு."

மறுபடி சொன்னாள்.

மகள் உதட்டைப் பிதுக்கினாள். "இல்லம்மா. உனக்கு வராது, விடு" என்று சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள்.

மைக்கம்மா கேட்டுக்குப் போய் நிழலில் நின்றாள். மேலே வகுப்பறை ஜன்னலிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டன. எது மகளுடையது என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. அவள் தாழ்ந்த குரலில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, பக்கத்தில் யாரோ நிற்பது போல நினைத்துக்கொண்டு சொன்னாள்.

காவலாளி நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். "என்னம்மா, என்னையா சொல்றீங்க?"

"உங்களை இல்லீங்க" என்றாள்.